கொங்குத் தமிழின் ‘ங்க’

‘ஏனுங்க’, ‘சரிங்க’ என்று கொங்கு நாட்டுப் பேச்சில் ஒட்டி வரும் ‘ங்க’வை வெறும் இழுவை என்று தள்ளுவோர் உண்டு. அது ‘கள்’ விகுதியின் வழியில் வந்த, தனக்கென இலக்கணம் உடைய ஓர் இடைச்சொல். தொல்காப்பியத்தில் ‘கள்’ அஃறிணைப் பெயருக்கு உரியது. குறளிலேயே ‘பூரியர்கள்’, ‘மற்றையவர்கள்’ என உயர்திணைக்கு ஏறிவிட்டது. ஏவலில் ‘கேண்மின்’ வழக்கிழந்து ‘கேளும்’ நிலைத்தபின், அந்த ‘உம்’மோடு ‘கள்’ சேர்ந்து ‘கேளுங்கள்’ பிறந்தது. பேச்சில் ஈற்று ளகரம் உதிர்ந்தது, ஆனால் அழியவில்லை. ‘சரிங்க’ என்பதைக் கேள்வியாக்கினால் ‘சரிங்களா’. உயிரெழுத்து வந்து சேர்ந்ததும் ளகரம் எழுந்து நிற்கிறது. பிறப்புக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் இது மரியாதைப் பன்மைதானே என்று கேட்கலாம். அன்று. ‘மாடு வந்துருச்சுங்க’ என்பதில் மரியாதை மாட்டுக்கு இல்லை. வினை அஃறிணை ஒருமையாகவே நிற்கிறது. ‘நான் வர்றனுங்க’ என்பவர் தம்மை உயர்த்திக்கொள்ளவும் இல்லை. இரண்டிலும் ‘ங்க’ கேட்பவரை நோக்கியது. ‘பசங்களுக்குங்களா?’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் அருகருகே நிற்கக் காணலாம்: வேற்றுமை உருபுக்கு முன் வருவது பன்மை, பின் வருவது எதிரில் இருப்பவருக்கான மதிப்பு. ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழியிலும் கேட்பவரைக் குறிக்கும் உறுப்பு வினைமுற்றில் ஏறும். ஆனால் பெரும்பாலும் நெருக்கமானவரை ஒருமையில் விளிக்கும்போதுதான். கொங்கிலோ மதிப்புக்காக ஏறுகிறது, வினையும் தேவையில்லை. ‘கோயமுத்தூருங்க’, ‘எனக்குங்க’, ‘நாளைக்குங்க’ என எதன் பின்னும் வரும்.

‘ஆமாங்க’ தமிழகமெங்கும் உள்ளதே எனலாம். உண்மைதான். பிற இடங்களில் பெரும்பாலும் சில சொற்களோடு நிற்பது இங்கே வாக்கியத்தின் எந்த உறுப்பிலும் தங்கும். அந்தப் பரப்புதான் கொங்கின் தனித்தன்மை. இது பண்ணையடிமையின் பணிவுமொழி என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. பண்ணையாரிடம் ‘ஆமாங்க பண்ணாடி’ என்றவனுக்கு ‘வாடா’ என்றே பதில் கிடைத்த காலம் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அநீதி அந்த ஒருவழிப் பயன்பாட்டில் இருந்தது, உருபில் அன்று. கடைக்காரரும் வாங்க வந்தவரும் இன்று ஒருவருக்கொருவர் ‘ங்க’ போட்டே பேசுகிறார்கள்.

‘வாங்ணா’வில் அது மேலும் தேய்ந்திருக்கிறது. நன்னூல் விதிப்படி மாற்றெழுத்துகளில் ஙகர மெய்யின் பின் ககரம் மட்டுமே வரலாம். இங்கே ககரமும் போய், ங் நேரே ணகரத்தைத் தொடுகிறது. அச்சில் இதை ‘வாங்கண்ணா’ என்று திருத்துவோர், ‘கள்’ எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதற்கான தடயத்தை அழிக்கிறார்கள். கேட்டபடியே அச்சிட வேண்டும்.