இரைச்சலுக்கு இட்ட வேலி
வீட்டு வானொலியும் குறுக்கீடும்

ஓசைகளுள் மனிதன் விரும்பிக் கேட்பவை சில. வேண்டாமலே வந்து காதில் விழுபவை பல. வானொலி தோன்றிய நாள்தொட்டு இவ்விரண்டிற்கும் இடையே ஓயாத போராட்டம் நடந்து வருகிறது. வீட்டுக் கூடத்தில் குடும்பத்தார் கூடியமர்ந்து செய்தியோ இசையோ கேட்டுக் கொண்டிருக்கின்றனர். அண்டை வீட்டில் ஒருவர் தையல் இயந்திரத்தின் மின்மோட்டாரை முடுக்குகிறார். தெருவில் ஒரு மோட்டார் வண்டி கடந்து செல்கிறது. தொலைவில் மின்னல் வெட்டுகிறது. உடனே பெட்டியிலிருந்து கரகரவென்றும் படபடவென்றும் இரைச்சல் எழுந்து பாட்டை விழுங்கிவிடுகிறது. இதனையே வானொலிக் குறுக்கீடு என்பர். இக்குறுக்கீட்டை அகற்ற எடுத்த முயற்சிகளின் வரலாறு, உலோகத் தகட்டில் தொடங்கி, அயலாரோடு ஒத்து வாழும் நெறியில் வந்து நிற்கிறது.

பாரடேயின் கூண்டு

வானொலி பிறப்பதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே அதன் கவசம் பிறந்துவிட்டது. 1836-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில், மைக்கேல் பாரடே ஒரு விந்தையான அறையை அமைத்தார். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 12 அடி. மரச் சட்டங்களின்மேல் கம்பிகளைப் பின்னி, காகிதம் ஒட்டி, உலோகத் தாளும் பொருத்தி, அவ்வறையைத் தரையோடு மின்தொடர்பின்றி நிறுத்தினார். பின்னர் வலிமை மிக்க பொறியால் அதற்கு மின்னேற்றச் செய்தார். வெளிப்புறமெங்கும் தீப்பொறிகள் பறந்தன. அவரோ எரியும் மெழுகுவர்த்தியையும் மின்னை அளக்கும் நுண்கருவிகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். கருவிகளில் அணுவளவும் அசைவில்லை! உலோகக் கூண்டின் புறத்தே எத்துணை ஆரவாரம் இருப்பினும் அகத்தே அமைதி நிலவும் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

1887, 1888-ஆம் ஆண்டுகளில் செருமனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஐன்ரிச் எர்ட்சு மின்காந்த அலைகளை எழுப்பிக் காட்டினார். அவ்வலைகள் மரக்கதவை ஊடுருவிச் சென்றன. உலோகத் தகட்டின்முன் தடைப்பட்டுத் திரும்பின. அவர் அலைகளை எழுப்பிய முறை யாது? இரு உலோக முனைகளுக்கிடையே தீப்பொறியைப் பாய்ச்சியதே. ஆகவே உலகின் முதல் ஒலிபரப்பி ஒரு தீப்பொறி. மோட்டார் சுழலும்போது அதன் கரித்துண்டில் எழும் பொறியும், மோட்டார் வண்டியின் எரியூட்டும் பொறியும், விளக்கின் பொத்தானை அழுத்துங்கால் தோன்றும் சிறு பொறியும் அம்முதல் ஒலிபரப்பியின் வழித்தோன்றல்களே. எங்கே பொறி உண்டோ, அங்கே யாரும் கேட்க விரும்பாத ஒரு சிறு நிலையமும் உண்டு.

பெட்டி எழுப்பிய ஊளை

எனினும் 1920-களில் வீட்டு வானொலியை மிகுதியாக வருத்திய பகைவன் வெளியிலிருந்து வரவில்லை, பெட்டிக்குள்ளேயே இருந்தான். அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912-இல் ஓர் அரிய முறையைக் கண்டறிந்தார். வால்வு பெருக்கித் தந்த அலையின் ஒரு பகுதியை மீண்டும் அதே வால்வுக்குள் செலுத்தினால், ஒரே வால்வு பல மடங்கு ஆற்றலோடு பணி செய்தது. மிகக் குறைந்த செலவில் தொலைதூர நிலையங்களைக் கேட்க இயன்றதால், வீட்டிலேயே பெட்டி செய்வோர் பலரும் இம்முறையைக் கைக்கொண்டனர்.

ஆனால் அதிலொரு கேடும் இருந்தது. திரும்பச் செலுத்தும் அளவு சற்று மிகுந்தால், கேட்கும் பெட்டி தானே அலைபரப்பியாக மாறிவிடும். அதன் அலைகள் ஏரியல் வழியே வெளியேறி, அக்கம் பக்கத்துப் பெட்டிகளிலெல்லாம் சீழ்க்கையாகவும் ஊளையாகவும் ஒலிக்கும். தொலைவிலுள்ள நிலையமொன்றைப் பிடிக்க ஒருவர் குமிழைத் திருகத் திருக, தெரு முழுவதும் இசையை இழக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

1922-இல் பிரிட்டனில் பிபிசி ஒலிபரப்புத் தொடங்கியபோது, ஏரியல் வழியே இவ்வாறு அலை வீசும் பெட்டிகளுக்கு ஒப்புதல் அளிக்கத் தபால் இலாகா மறுத்தது. ஆயினும் வீட்டில் தாமே செய்த பெட்டிகளை யார் சோதிப்பது? பிபிசியின் தலைமைப் பொறியியலாளர் பீட்டர் எக்கர்ஸ்லி, ஒலிவாங்கியின்முன் நின்று, ஊளையைக் குறைக்குமாறு நேயர்களை நகைச்சுவையோடு வேண்டிக்கொள்ள நேர்ந்தது. ஊளையிடுபவர் பெரும்பாலும் தாம் ஊளையிடுவதை அறியார். தமது பெட்டியில் கேட்கும் சீழ்க்கை அயலாருடையது என்றே எண்ணியிருப்பார். இத்தொல்லையின் வேர் அந்த அறியாமையே.

உள்ளே எழுந்த சுவர்கள்

நோயின் காரணம் தெரிந்தபின் மருந்து தேடப்பட்டது. பெட்டியின் ஒரு பகுதியிலுள்ள கம்பிச்சுருள் மற்றொரு பகுதியிலுள்ள சுருளோடு இரகசியமாகப் பேசிக்கொள்கிறது. வால்வின் உட்பகுதிகளும் ஒன்றையொன்று தீண்டாமலே மின்னைக் கடத்துகின்றன. இக்கள்ளத் தொடர்பே ஊளையின் பிறப்பிடம். 1923-இல் அமெரிக்கப் பேராசிரியர் லூயி ஏசல்டைன் தம் ‘நியூட்ரோடைன்’ சுற்றை வெளியிட்டார். வால்வுக்குள் கசியும் மின்னுக்கு எதிரான மின்னை வேண்டுமென்றே ஊட்டி, ஒன்றை ஒன்றால் அழிப்பது அம்முறை.

அடுத்த படி, வால்வுக்குள்ளேயே சுவர் எழுப்பியது. 1920-களின் இறுதியில் விற்பனைக்கு வந்த ‘ஸ்கிரீன் கிரிட்’ வால்வில், உள்வரும் மின்னுக்கும் வெளியேறும் மின்னுக்கும் இடையே கம்பிவலை ஒன்று திரைபோல் நின்றது. வால்வின் ஆற்றல் பன்மடங்கு பெருகியது. ஆற்றல் பெருகியதும், வெளியிலுள்ள சுருள்களின் மிகச் சிறிய கசிவுகூடப் பெருங்கேடாயிற்று. ஆதலின் ஒவ்வொரு சுருளுக்கும் செம்பு அல்லது அலுமினியக் குவளை கவிழ்க்கப்பட்டது. பழைய வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தோர், உள்ளே வரிசையாக நிற்கும் அவ்வெள்ளைக் குவளைகளைக் கண்டிருப்பர். பாரடேயின் 12 அடிக் கூண்டு இரண்டங்குலக் குவளையாகச் சுருங்கி வீட்டிற்குள் வந்துவிட்டது!

இக்குவளை செய்யும் வேலை எளிது. சுருளிலிருந்து கிளம்பும் அலை உலோகத்தைத் தாக்கியதும், உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அம்மின்னோட்டம் தன்னை எழுப்பிய அலையையே எதிர்த்து அடக்குகிறது. ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போயினும், ஒரு கம்பி தடையின்றி உட்புகுந்தாலும் காவல் கெட்டுவிடும். இன்னுமோர் உண்மை: வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் அதே குவளை, உள்ளிருந்து செல்வதையும் தடுக்கிறது. வேலி இருபுறமும் வேலியே.

மூட முடியாத வாயில்

அவ்வாறாயின், பெட்டி முழுவதையும் உலோகத்தால் மூடிவிட்டால் குறுக்கீடு ஒழியாதா? ஒழியும், பாட்டும் ஒழியும். ஏரியல் என்னும் வாயிலைத் திறந்து வைத்தால்தான் நிலையத்தின் அலை உள்ளே வரும். அவ்வாயிலில் நிற்கும் காவலன், வேண்டும் அலை இது, வேண்டா அலை அது என்று பிரித்தறிய வல்லவன் அல்லன். மின்னிணைப்புக் கம்பியோ மற்றொரு வாயில்.

இதனை உணர்ந்தோர் 1930-களில் வேறு வழிகளை மேற்கொண்டனர். இரைச்சல் மிகுந்திருப்பது வீட்டுச் சுவர்களையும் மின்கம்பிகளையும் ஒட்டியே. ஆகவே ஏரியலைக் கூரைக்கு மேலே உயரத்தில் கட்டி, அங்கிருந்து இறங்கும் கம்பிக்கு மட்டும் உலோக உறை போர்த்தி, அவ்வுறையை ‘எர்த்’ கம்பியோடு இணைத்தனர். எனினும் முழுப்பயன் தந்த வழி, பொறி எழும் இடத்திலேயே அதனை அடக்குவதுதான். மோட்டாரின் கரித்துண்டுகளுக்குக் குறுக்கே ஒரு சிறு மின்தேக்கியை இணைத்தால், இரைச்சல் கம்பியில் ஏறுமுன்பே தணிந்துவிடும். அதன் விலை சொற்பம். ஆனால் அதை வாங்க வேண்டியவர் மோட்டார் உடையவர். பயன் பெறுபவரோ அயலார். இச்சிக்கலை எந்த உலோகமும் தீர்க்க இயலாது.

எனவே சட்டம் வந்தது. 1934-இல் குறுக்கீட்டை அளக்கவும் வரம்பிடவும் அமைந்த அனைத்துலகச் சிறப்புக்குழு பாரிசில் முதன்முதலாகக் கூடியது. பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் குறுக்கீட்டைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் அளித்தது. அதன்கீழ் 1952-இல் பிறந்த விதிகள், புதிய மோட்டார் வண்டிகளின் எரியூட்டுப் பொறியிலிருந்து எழும் குறுக்கீட்டிற்கு எல்லை வகுத்தன. தன் வண்டியில் வானொலியே இல்லாத ஒருவரும், பிறர் வீட்டு வானொலிக்காக அடக்கும் கருவி பொருத்திய வண்டியை வாங்கலானார்.

இடியை யார் தண்டிப்பது?

மனிதன் எழுப்பும் பொறிக்குச் சட்டம் உண்டு, மின்னலுக்கு இல்லை. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளில் இதன் கொடுமை அதிகம். மலாயாவும் சிங்கப்பூரும் உலகில் இடிமின்னல் மிகுந்த பகுதிகளைச் சேர்ந்தவை. மத்திய அலைவரிசையில் இவ்விரைச்சல் கடுமையாதலின், 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய அனைத்துலக மாநாடு, வெப்பமண்டல நாடுகளின் உள்நாட்டு ஒலிபரப்புக்கெனச் சில சிற்றலை வரிசைகளை ஒதுக்கியது. 1949-இல் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய ரெடிபியூஷன் மற்றொரு வழியைக் காட்டியது. கம்பி வழியாக ஒலியே வீட்டிற்கு வந்தது; ஏரியல் என்னும் வாயில் அங்கில்லை; இடியும் உட்புகவில்லை. ஆனால் அமைதிக்கு ஒரு விலை இருந்தது: கம்பி எதைக் கொண்டுவந்ததோ அதை மட்டுமே கேட்க முடிந்தது.

மூன்றாவது வழியைக் காட்டியவர், ஊளைக்கு வித்திட்ட அதே ஆம்ஸ்ட்ராங். மின்னல் அலையின் உயரத்தையே பெரிதும் குலைக்கிறது என்பதைக் கருத்திற்கொண்டு, உயரத்தை மாற்றாது அதிர்வெண்ணை மாற்றி ஒலியை ஏற்றிச் செல்லும் பண்பலை முறைக்கு அவர் 1933-இல் காப்புரிமை பெற்றார்.

எஞ்சிய ஒலி

அதே 1933-இல் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துப் பொறியியலாளர் கார்ல் ஜான்ஸ்கி, தொலைபேசிச் சேவைக்கு இடையூறான சிற்றலை இரைச்சலை ஆராய, சுழலும் ஏரியல் ஒன்றை அமைத்திருந்தார். அருகிலுள்ள இடி, தொலைவிலுள்ள இடி என்று இரண்டையும் பிரித்த பின்னும், மெல்லிய சீறல் ஒன்று எஞ்சி நின்றது. அது 24 மணிக்கு ஒருமுறை அன்றி, 23 மணி 56 நிமிடத்திற்கு ஒருமுறை உச்சமடைந்தது. அஃது விண்மீன்களின் கணக்கு! பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்தே அவ்வொலி வந்தது. வானொலி வானியல் என்னும் புதிய துறை அதிலிருந்து பிறந்தது. இரைச்சலைப் பொறுமையாக வகைபிரித்தவருக்கே அது வாய்த்தது.

இன்று கரித்துண்டுப் பொறிகள் குறைந்துவிட்டன. மலிவான எல்ஈடி விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் அவற்றின் இடத்தைப் பிடித்துள்ளன. மத்திய அலையும் சிற்றலையும் கேட்போர், வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டறிகின்றனர். பெரும்பாலும் குற்றவாளி அவர்தம் மேசைமீதே இருக்கக் காண்கின்றனர். எக்கர்ஸ்லி தம் நேயர்களுக்குச் சொல்ல முயன்றதும் இதுவே: அயலாரின் இரைச்சலைப் பழிக்குமுன் தன் பெட்டி ஊளையிடுகிறதா என்று பார்க்க வேண்டும். வானம் அனைவர்க்கும் பொது. அவரவர் ஓசைக்கு அவரவரே வேலியிட்டாலன்றி, எவர் வீட்டிலும் பாட்டுக் கேளாது.