ஹென்செலே: ஒரு கிருமிக்குப் பேர் வந்த கதை

பூனை பிராண்டினால் கையைக் கழுவிவிட்டு மறந்துவிடுகிறோம். சிலருக்கு மட்டும், கீறல் ஆறிவரும் சமயத்தில் அதே இடத்தில் சிவப்பாக ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும். ஓரிரு வாரம் போனதும் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும். தொட்டால் வலிக்கும், லேசாகக் காய்ச்சலும் அடிக்கும்.

1931இல் பாரிஸ் குழந்தை மருத்துவர் ரொபேர் தெப்ரேயிடம் இப்படி நெறி கட்டிய ஒரு சிறுவன் வந்தான். கையெல்லாம் பூனைக் கீறல். காசநோயோ என்ற சந்தேகம் பொய்யானது. 1950இல்தான் தெப்ரே இதைத் தனி நோயாக எழுதினார். 'பூனை நக நோய்' என்று பேரும் வைத்தார். நோய்க்குப் பேர் கிடைத்துவிட்டது, கிருமிதான் அகப்படவில்லை. 1983இல் வாஷிங்டனில் நெறித் திசுவுக்கு வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது நுண்ணிய கறுப்புக் குச்சிகள் தெரிந்தன. அவை என்னவென்று சரியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. எய்ட்ஸ் பரவிய அந்த ஆண்டுகளில் சில நோயாளிகளின் தோலில் செக்கச்சிவந்த முண்டுகள் புறப்பட்டன. சில கருநீலமாகவும் இருந்தன; லேசாக உரசினாலே ரத்தம் கொட்டியது. பார்வைக்கு கபோசி புற்றுநோய் மாதிரியே இருக்கும். ஆனால் எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரைக்கு அந்த முண்டுகள் வற்றிப்போயின. புற்றுநோய் அப்படி வற்றாதே! 1990இல் டேவிட் ரெல்மன் குழுவினர் அந்தத் திசுவிலிருந்தே கிருமியின் மரபணுத் துண்டைப் பிரித்துப் படித்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களை வாட்டிய காய்ச்சல் கிருமிக்கு அது நெருங்கிய உறவு என்று தெரிந்தது.

இதே கிருமியை ஓக்லஹோமாவில் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்தவர்களில் டயேன் ஹென்செல் என்ற ஆய்வகத் தொழில்நுட்பரும் ஒருவர். 1992இல் கிருமிக்கு அவர் பேரையே சூட்டினார்கள். அறிவியலில் பேர் பெரும்பாலும் பேராசிரியர்களுக்கே போய்ச் சேரும். வளர்ப்புத் தட்டைப் பொறுமையாகக் காத்துக் கிடந்தவருக்குப் போனது எனக்கு நிறைவாக இருக்கிறது. அந்த ஆண்டிலேயே, பூனைக் கீறல் நோயாளிகளின் ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதும் தெரியவந்தது. தெப்ரே தேடியது கிடைத்துவிட்டது. மறு ஆண்டு பேரினமும் மாறி, 'பார்ட்டோனெல்லா ஹென்செலே' ஆயிற்று.

பிறகு சான்பிரான்சிஸ்கோவில் ஜேன் கோலர் குழுவினர் நோயாளிகளின் வீட்டுப் பூனைகளைச் சோதித்தார்கள். நோயின் சாயலே இல்லாத பூனைகளின் ரத்தத்தில் கிருமி இருந்தது. அவற்றின் மேலிருந்த தெள்ளுப்பூச்சியிலும் இருந்தது.

ஈர வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் உங்கள் பூனையைச் சீவிப் பாருங்கள். மிளகுத்தூள் போல உதிர்வது துணியில் செம்பழுப்பாகக் கரைந்தால், அது தெள்ளின் எச்சம்; பூனையின் ரத்தம் செரித்து வந்தது. அரிப்பெடுத்து பூனை சொறிந்துகொள்ளும்போது அதுதான் நக இடுக்கில் போய் ஒட்டிக்கொள்கிறது.