ஊவாவில் கருமருந்தும் ஈயக்குண்டும்: வேட்டைத் தொழில்நுட்பத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பதுளையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் செங்கலடி வீதி பசறையைத் தொட்டு, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்குகிறது. மேலே தேயிலை மலை. கீழே காடும் புல்வெளியும் குளக்கரைகளும். பிரித்தானியர் காலத்து வேட்டைக்காரருக்கு இம்மலைச்சரிவு ஒரு வாசலாக இருந்தது. அவர்கள் எழுதி வைத்த நூல்களில், எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை டிராம் மருந்து, எந்த விலங்குக்கு எவ்வகைக் குண்டு என்ற விவாதம் பக்கம் பக்கமாக இடம்பெறுகின்றது. அவ்விவாதத்தைத் தொழில்நுட்ப விடயமாக மட்டும் கருதி, வரலாற்று மாணவர் அதனைக் கடந்துபோய் விடுவதுண்டு. மருந்தையும் குண்டையும் தெரிந்தெடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது, யார் கையிலிருந்து பறிக்கப்பட்டது என்று கேட்போமாயின், அதே பக்கங்கள் ஊவாவின் சமூக வரலாற்றுக்குச் சான்றுகளாகி விடுகின்றன.

கருமருந்து இந்நாட்டுக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த பொருளன்று. கண்டி இராச்சியம் தனக்கு வேண்டிய வெடியுப்பை மலைக்குகைகளிலிருந்தே எடுத்துக்கொண்டது. 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி, 1821 இல் வெளியிட்ட தமது நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். பிரபல இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பியாகிய இவர், தாமும் இரசாயனம் கற்றவர். தும்பறையிலுள்ள மேமுறைக் குகையை அவர் நேரிற் கண்டார்; ஊவா, வெல்லசப் பகுதிகளின் குகைகளையும் ஆராய்ந்தார். குகையின் மண்ணை விறகுச் சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்து, வடிநீரைக் காய்ச்சி உப்பெடுக்கும் முறையை அவர் விவரிக்கின்றார். இங்கு சாம்பலின் பங்கு முக்கியமானது. குகை மண்ணில் மிகுதியாகக் கிடைப்பது சுண்ணாம்பு சார்ந்த நைத்திரேற்று. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி உருகிவிடும், மருந்துக்கு ஆகாது. சாம்பலிலுள்ள பொற்றாசு அதனை ஈரத்தைத் தாங்கும் வெடியுப்பாக மாற்றுகிறது. இரசாயனச் சூத்திரம் அறியாத குடியானவன் அதன் பயனை அறிந்திருந்தான். வறட்சிக் காலத்திற் குகைக்குச் சென்று உப்பெடுத்து, ஆளுக்கு ஒரு சுமை வீதம் அரச களஞ்சியத்திற் சேர்ப்பது இராசகாரியக் கடமையாக இருந்தது.

ஐந்து பங்கு வெடியுப்பு, ஒரு பங்கு கந்தகம், ஒரு பங்கு கரி. இவற்றோடு நீர்த்த சுண்ணாம்புநீரும் காட்டுக்கிழங்கின் காரச்சாறும் சிறிது சேர்த்துக் கல்லில் அரைத்தோ உரலில் இடித்தோ வெயிலில் உலர்த்துவது சிங்களக் கைவினைஞரின் வழக்கம் என்று டேவி கூறுகின்றார். இதன் இரசாயனப் பகுதி செம்மையாகவே செய்யப்பட்டது என்பது அவர் கருத்து. குறை வேறிடத்தில் இருந்தது. அவர்கள் மருந்தை மணியாக்கவில்லை, தூளாகவே பயன்படுத்தினர். மணிமணியான மருந்தில் மணிகளுக்கிடையேயுள்ள வெளியினூடாகத் தீ ஓடி, மருந்து முழுவதும் ஏறக்குறைய ஒரே கணத்திற் பற்றுகிறது. தூள் மருந்தோ குழலுக்குள் இறுகி, ஒருமுறை வேகமாகவும் மறுமுறை மந்தமாகவும் எரியும். மணியின் பருமனை மாற்றி எரியும் வேகத்தை மாற்றலாம் என்பதே பிற்கால மருந்துத் தெரிவின் அடிப்படை. உள்நாட்டுக் கைவினைக்கும் ஐரோப்பிய ஆலைக்கும் இடையிலிருந்த தூரம் இந்த ஒரு படியே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அந்தப் படியைத் தாண்டுவதற்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. 1817-1818 ஊவா-வெல்லசக் கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டபோது, பயிரும் கால்நடையும் அழிக்கப்பட்டதோடு மக்களின் துப்பாக்கிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. அரசன் இல்லாத நாட்டில் அரச களஞ்சியத்துக்கு உப்பெடுக்கும் தேவையும் இல்லாமற் போயிற்று. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது; அதன் நன்மைகள் பல. எனினும் குகையுப்புக் கைவினைக்கு அதன்பின் ஆதரவு தர ஒருவரும் இருக்கவில்லை.

இவ்வாறு ஆயுதங் களையப்பட்ட ஊவாவிலேதான் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் வேட்டையாடினார். இலங்கை றைபிள் படையைச் சேர்ந்த இவர் பதுளையின் படைத் தளபதியாகவும், உதவி அரசாங்க அதிபராகவும், மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். சேர் எமர்சன் டெனன்ட் தரும் கணக்கின்படி அவர் கொன்ற யானைகள் 1,400 க்கு மேல். 1845 யூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். பதுளையிலுள்ள சென் மாக்ஸ் தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதே. யானைத் தந்தம் விற்ற பணத்திற் படைப்பதவிகளை வாங்கினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. இலங்கை யானைகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தந்தமுடையதன்று என டெனன்ட் எழுதியிருப்பதை நோக்கும்போது, அக்கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. தந்தத்துக்காக அன்றியும் இத்தனை யானைகள் கொல்லப்பட்டன என்பதே ஆராயப்பட வேண்டியது.

யானைக்கு ஒரு குண்டு வீதம் மட்டுமே செலவானது என்றும், குண்டு பத்து ஓர் இறாத்தல் என்றும் வைத்துக்கொண்டாலும், 1,400 யானைகளுக்கு 140 இறாத்தல் ஈயம் வேண்டும். பல யானைகள் ஒரு குண்டில் விழவில்லை என்பதை வேட்டை நூல்களே சொல்கின்றன. கிளர்ச்சியிற் பறிக்கப்பட்ட துப்பாக்கிகளின் சொந்தக்காரர் இருந்த அதே மாவட்டத்தில், சட்டத்தை நடத்தியவரும் சுட்டவரும் ஒருவரே.

ரொஜர்ஸ் தமது மருந்தளவு பற்றி நூல் எழுதி வைக்கவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் சாமுவேல் பேக்கர். 1840 களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி, 1855 வரை அங்கிருந்த இவர், 1854 இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில் தமது ஆயுதங்களைக் கணக்கர் போல் வரிசைப்படுத்துகின்றார்: நாலவுன்ஸ் குண்டுக்குரிய ஒற்றைக்குழல் ஒன்று, எடை 21 இறாத்தல், இரண்டவுன்ஸ் குண்டுக்குரிய நீண்ட குழல் ஒன்று, எடை 16 இறாத்தல், பத்தாம் இலக்க இரட்டைக்குழல்கள் நான்கு. இலக்கம் என்பது ஓர் இறாத்தல் ஈயத்தில் எத்தனை உருண்டைக் குண்டு வார்க்கலாம் என்பதைக் குறிக்கும். எனவே பத்தாம் இலக்கக் குண்டு 1.6 அவுன்ஸ்.

அக்கால வேட்டைக்காரரிடையே ஒரு வழக்கு இருந்தது. குழலினுள்ளே திருகுபோலத் தவாளிப்பு வெட்டினாற் குறி தப்பாது. ஆனால் மருந்தைக் கூட்டினால் மென்மையான ஈயக்குண்டு தவாளிப்பைப் பற்றாமல் வழுக்கிச் சென்றுவிடும். ஆதலின் தவாளிப்புள்ள துப்பாக்கிக்குக் குறைந்த மருந்தே தகும் என்றனர் பலர். குறைந்த மருந்தில் வேகம் குறையும், குண்டு விரைவிற் தாழும். பேக்கர் இதனை மறுத்தார். பிறிஸ்ரல் நகர் கிப்ஸ் என்பவரைக் கொண்டு அவர் 1840 இல் செய்வித்த துப்பாக்கியில் ஆழமான இரண்டு தவாளிப்புகள் மட்டுமே இருந்தன. குண்டின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டி வார்க்கப்பட்டு, அது தவாளிப்புகளில் இறுகப் பொருந்தியது. மூன்றவுன்ஸ் குண்டுக்கு 16 டிராம் மருந்து, அதாவது முழுதாக ஓரவுன்ஸ். குண்டு வழுக்கவில்லை.

குண்டின் உலோகத்திலும் அவருக்குத் திட்டமான கருத்து இருந்தது. மெல்லிய தோலுடைய விலங்குக்குத் தூய ஈயம்: உடலிற் புகுந்ததும் தட்டையாகி விரிந்து முழு விசையையும் அங்கேயே செலவிடும். யானையின் மண்டையோட்டிலோ தூய ஈயம் நசுங்கித் திசைமாறும்; அதற்கு வெள்ளீயமோ பாதரசமோ கலந்து கடினமாக்கிய குண்டு வேண்டும். இலங்கையில் யானையின் நெற்றிக்கு நேரே அண்மையிலிருந்து சுட்டு வெற்றி கண்ட பேக்கர், 1860 களில் ஆபிரிக்காவிற் சென்று அவ்வாறே சுட்டபோது அது பயன்படவில்லை. அங்குள்ள யானையின் மண்டை அமைப்பு வேறு. இலங்கைக் காட்டிற் பெற்ற அறிவு வேறொரு நாட்டிற் தோற்றபோதுதான், அவ்வறிவு எத்தனை யானைகளின் மேற் செய்யப்பட்ட சோதனையின் விளைவு என்பது புலனாகின்றது.

இச்சோதனைக்கு மற்றொரு விலையும் உண்டு. வாய்வழியாக நிரப்பும் துப்பாக்கியிற் மருந்து கொட்டி, குண்டை அழுத்தி, கோலால் இடித்து, எரிதொப்பி வைத்து முடிப்பதற்குள் யானை மேலே வந்துவிடும். ஆகவே துரை நான்கு துப்பாக்கிகளோடு சென்றார். அவற்றைச் சுமந்துகொண்டு முதுகுக்குப் பின்னே நின்று, சுட்டதை வாங்கிச் சுடாததைக் கையிற் கொடுக்க ஆட்கள் நின்றனர். 21 இறாத்தல் எடையுள்ள குழல் குறிபார்த்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் இன்னொருவர் தோளிலேயே இருந்தது. யானை பாய்ந்தபோது ஆயுதமேந்தியும் சுட உரிமையின்றி நிற்க வேண்டியவர் இவரே. ஓடிவிட்டாற் கோழை என்று நூலில் எழுதப்பட்டார்.

அரசும் ஒதுங்கி நிற்கவில்லை. தலைக்குச் சில சிலிங் வெகுமதி கொடுக்கப்பட்டதன் பேரில், 1848 க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளும், 1851-1856 காலத்திற் காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடையே 2,000 யானைகளும் கொல்லப்பட்டதாக டெனன்ட் குறிப்பிடுகின்றார். இதே காலத்திற்தான் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் துணையுடன் மலைக்காடு முடிக்குரிய நிலமாகி, கோப்பித் தோட்டமாக விற்பனையாயிற்று. தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்த தொழிலாளர் வெட்டி எரித்த காடும், துரைமார் சுட்டு ஒழித்த யானைக்கூட்டமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். பாதை அமைத்த மேஜர் ஸ்கின்னரும் பெருந்தொகை யானைகளைச் சுட்டவரே. மலையேறும் யானைத்தடமே பாதைக்கு மிகச் சிறந்த சரிவு என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். யானையின் வழி வீதியாயிற்று, யானை வெகுமதியாயிற்று.

1860 களிற் பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கி பரவியது. பித்தளைத் தோட்டாவின் வருகை ஒரு புதிய வீட்டுத் தொழிலை உண்டாக்கிற்று. சுட்ட தோட்டாவை எறியாமற் சேர்த்து, பழைய எரிதொப்பியைத் தட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தி, மருந்தளந்து, குண்டமர்த்தி வாயை இறுக்கினாற் பலமுறை பயன்படும். கப்பலில் வரும் தோட்டாவை எதிர்பார்த்திருக்க வேண்டிய தொலைதூரத் தோட்டத்துரைக்கு இது செலவையும் காலத்தையும் மிச்சப்படுத்தியது. தெரிவின் எல்லையும் விரிந்தது. இலேசான குழிக்குண்டுக்கு மிகுந்த மருந்திட்டு வேகத்தை நம்பும் 'எக்ஸ்பிரஸ்' முறை ஒருபுறம். கனத்த திண்மக் குண்டு மறுபுறம். குழிக்குண்டு மேற்தசையிலேயே சிதறிவிடும் என்று கண்டித்த பேக்கர், 1890 இல் எழுதிய நூலில் .577 துப்பாக்கிக்கு 648 கிறெயின் தூய ஈயத் திண்மக் குண்டும் 6 டிராம் மருந்துமே தகும் என்றார்.

1884 இல் பிரான்சில் போல் வியேய் புகையற்ற மருந்தை ஆக்கினார். 1889 இற் பிரித்தானியாவிற் கோடைற்று வந்தது. கருமருந்து அளந்து பழகியவருக்கு இது ஆபத்தான மாற்றம். கருமருந்தைக் கொள்ளளவாற் கிண்ணத்தில் அளப்பது வழக்கம். அதே கிண்ணம் நிறையப் புகையற்ற மருந்திட்டாற் குழலே வெடிக்கும். இனி நிறுத்தே இடவேண்டும். வேகம் மிகவே வெறும் ஈயம் தவாளிப்பிற் தேய்ந்து உருகியது. உலோக உறை போர்த்தப்பட்டது. உறை போர்த்த குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விட, முனையில் மட்டும் ஈயத்தை வெளிவிடும் முறை தோன்றியது. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் தொழிற்சாலையில் இவ்வாறு செய்த படைக்குண்டுகள் 1897 இல் வடமேற்கு எல்லைப் போரிற் பயன்பட்டன. 1899 ஹேக் மாநாடு உடலில் விரியும் குண்டைப் போரிற் தடை செய்தது. அங்கு பிரித்தானியப் பேராளர் சேர் ஜோன் ஆடா, நாகரிகமடைந்த போர்வீரன் சிறு காயத்தோடு விலகிவிடுவான், காட்டுமிராண்டியோ விலகமாட்டான், ஆகவே அவனுக்கு இக்குண்டு வேண்டும் என்ற பொருள்பட வாதிட்டார். மெல்லிய தோலுக்கு இது, கனத்த மண்டைக்கு அது என்று விலங்குகளைப் பகுத்த வேட்டைக்காரனின் அட்டவணையில் ஆசியரும் ஆபிரிக்கரும் ஒரு வரிசையாகச் சேர்க்கப்பட்டனர் என்பது இதனாற் தெளிவாகும். ஈராண்டுகளின் முன் அக்குண்டுக்கு இலக்கானவர் எவரும் அம்மாநாட்டில் இருக்கவில்லை.

இலங்கைத் தோட்டங்களில் துப்பாக்கி யார் பக்கம் இருந்தது என்பதற்கு 1900 இல் அமைந்த தோட்டத்துரைமார் றைபிள் படை தெளிவான சான்று. அதில் ஐரோப்பியரே சேரலாம். அவ்வாண்டே ஒரு பிரிவு போவர் யுத்தத்துக்குச் சென்றது. இதற்கு முன், 1894 இல், வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. விலங்குகள் அருகிவிட்டதை உணர்ந்ததும் அருகச் செய்தவரே பாதுகாவலராயினர். கண்டனம் உலர்இறைச்சிக்குச் சுடும் கிராமத்தவன் மேற் திரும்பியது. 1916 இன் சுடுகலச் சட்டமும், 1937 இன் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் தேவையானவையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அனுமதிப்பத்திரமும் தொழிற்சாலைத் தோட்டாவும் வசதியுள்ளவனுக்கே எட்டின. ஏனையோருக்கு எஞ்சியது பட்டறையில் ஒட்டிய குழல், தீக்குச்சி மருந்து, ஈயம் கிடைக்காவிடில் இரும்புத் துண்டு. குகையுப்பைச் சாம்பலால் தூய்மையாக்கத் தெரிந்திருந்த ஊவாவின் அறிவு, நூறாண்டுகளில் தீப்பெட்டியைச் சுரண்டும் நிலைக்கு வந்தது.

காட்டுப்பன்றி வரும் தடத்தில் நூல் கட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்கு இவ்வகையினது. பிபிலை, மொனராகலைப் பகுதிகளிலும், காடு தோட்டத்தைத் தொடும் மலையோரங்களிலும் இது சட்டவிரோதமாக இன்றும் வைக்கப்படுகின்றது. பன்றியின் நெஞ்சு மட்டத்துக்கு அதன் குழல் சாய்க்கப்படும். விறகுக்குச் செல்பவரின் முழங்காலும் அதே உயரத்திற்தான் உள்ளது; இலங்கையின் கட்டுத்துவக்குக் காயங்களிற் பெரும்பாலானவை கால்களிலேயே படுகின்றன.