பைசன் அருங்காட்சியகமும் ஒரு படுகொலையின் வரலாறும்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்று ஒரு சிறிய ஊர். 94-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டது என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். 26 அடி உயரம், 46 அடி நீளத்தில் ஒரு பிரம்மாண்டமான பைசன் நிற்கிறது! 1959-ல் கட்டப்பட்ட கான்கிரீட் சிலை. எடை 60 டன். அதன் பக்கத்தில் 1993-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். முதலில் 'தேசிய பஃபலோ மியூசியம்' என்று பெயர். இப்போது 'வட அமெரிக்க பைசன் டிஸ்கவரி சென்டர்'.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்கர்கள் பைசனை 'பஃபலோ' என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். ஆனால் அது நம் ஊர் எருமை அல்ல. முதுமலையில் நாம் பார்க்கும் காட்டெருமையை 'இந்தியன் பைசன்' என்பார்கள். அதுவும் இது அல்ல, அது கௌர் என்னும் வேறு இனம். பிடரியில் சடை, பெரிய திமில், கீழே தொங்கும் தலை... இதுதான் அமெரிக்க பைசன்.

அருங்காட்சியகத்தில் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பழைய பைசன் இனத்தின் மண்டையோடு இருக்கிறது. வெளியே மேய்ச்சல் நிலத்தில் உயிருள்ள மந்தையும் உண்டு. எல்லோரும் தேடிப் பார்ப்பது 'ஒயிட் கிளவுட்' என்ற வெள்ளைப் பைசனை. 1996-ல் பிறந்து, 1997-ல் இங்கே வந்து, 2016-ல் இறந்த பசு. இப்போது அதன் உடலைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். லக்கோட்டா உள்ளிட்ட சமவெளிப் பழங்குடிகளுக்கு வெள்ளைப் பைசன் புனிதமானது.

அந்த மக்களுக்குப் பைசன்தான் வாழ்க்கை. இறைச்சி உணவு, தோல் கூடாரம், நரம்பு தையல் நூல், கொம்பு கரண்டி. மரமே இல்லாத புல்வெளியில் அதன் காய்ந்த சாணம்தான் அடுப்பெரித்தது. நம் வறட்டி போலத்தான்.

ஒரு காலத்தில் பல கோடி பைசன்கள் இருந்தன என்பது ஆய்வாளர்களின் கணக்கு. 1880-களின் இறுதியில் மிஞ்சியவை ஆயிரத்துச் சொச்சம். எப்படி? 1870-களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதனிட்டு, தொழிற்சாலை இயந்திரங்களுக்குப் பட்டை செய்யும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. தோலை ஏற்றிப் போக ரயில் வந்தது. வேட்டைக்காரர்கள் தோலை உரித்துக்கொண்டு, இறைச்சியை அப்படியே அழுக விட்டார்கள். தோல் தீர்ந்தபின் எலும்பையும் பொறுக்கி உரத்துக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் விற்றார்கள்.

இது வெறும் வியாபாரப் பேராசை மட்டுமல்ல. பைசன் ஒழிந்தால் பழங்குடிகள் பட்டினிக்குப் பயந்து, ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குள் அடங்குவார்கள் என்று அரசில் பலர் நினைத்தார்கள். உள்துறைச் செயலாளர் கொலம்பஸ் டெலானோ, பைசன்கள் அடியோடு மறைந்தாலும் தனக்குப் பெரிய வருத்தம் இருக்காது என்ற பொருளில் 1873-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதினார். 1874-ல் நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது. ஜனாதிபதி கிராண்ட் அதில் கையெழுத்துப் போடவே இல்லை. ஒரு மிருகத்தை அழித்து ஒரு மக்களைப் பணிய வைத்தார்கள்.

இனி காப்பாற்றியவர்கள் கதை. 1886-ல் வில்லியம் ஹார்னடே என்பவர் மொன்டானாவுக்குப் போனார். பைசன் அழிவதற்குள் அருங்காட்சியகத்துக்கு நல்ல மாதிரிகள் வேண்டுமாம்! அதற்காக, மிஞ்சியிருந்தவற்றிலும் இருபதுக்கு மேல் சுட்டார்கள். அதே மனிதர்தான் பிறகு மனம் மாறி, 1905-ல் அமெரிக்க பைசன் சங்கத்தைத் தொடங்கினார். 1907-ல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையிலிருந்து 15 பைசன்கள் ரயிலேறி ஓக்லஹோமா போயின. வேட்டையாடி அழித்த இடத்துக்கு, நகரத்திலிருந்து திரும்பி வந்தன.

ஹார்னடேக்கு முன்பே மந்தை வளர்த்தவர்களை மறந்துவிடக் கூடாது. மொன்டானாவில் பழங்குடி வழியில் வந்த மைக்கேல் பாப்லோ, சார்லஸ் அல்லார்டுடன் சேர்ந்து வளர்த்த மந்தை பல நூறாகப் பெருகியது. அதை 1907 முதல் கனடா அரசு விலைக்கு வாங்கிக்கொண்டது. இன்றைய மந்தைகள் பலவற்றில் அந்த ரத்தம் ஓடுகிறது.

இப்போது பைசன்கள் சில லட்சம் இருக்கின்றன. 2016-ல் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியாகவும் அறிவித்தார்கள். ஆனால் பெரும்பாலானவை இறைச்சிக்காகப் பண்ணைகளில் வளர்பவை. எண்ணிக்கை மீண்டது, பழைய சுதந்திரம் மீளவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. 1992-ல் உருவான பழங்குடிகளின் பைசன் கூட்டமைப்பு, தங்கள் நிலங்களுக்கே மந்தைகளைத் திரும்பக் கொண்டுவருகிறது. பறித்தது மிருகத்தை மட்டும் அல்ல என்பதால், திருப்பித் தர வேண்டியவர்களும் இவர்களே என்பது என் கருத்து.

அந்தப் பக்கம் போகும் நண்பர்கள் பெரிய சிலையோடு படம் எடுத்துக்கொண்டு மட்டும் திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் அந்தப் பழைய மண்டையோட்டையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.