தேவையும் கிராக்கியும்: ஊத்துக்கோட்டை வழியாக ஒரு கோடை வரலாறு

பொருளாதாரப் பாடப் புத்தகங்கள் 'டிமாண்ட்' என்பதைத் 'தேவை' என்று தமிழாக்கித் தந்திருக்கின்றன. கடைத்தெரு அதை ஏற்கவில்லை. அங்கே புழங்குகிற சொல் 'கிராக்கி'. இரண்டும் ஒன்றல்ல. தாகம் ஒரு தேவை. தாகமெடுத்தவன் கையில் காசு இருந்து, காசில்லாமல் தண்ணீர் கிடைக்காது என்கிற நிலையும் அதோடு சேர்ந்தால்தான் அது கிராக்கி. வானிலைக்கும் விற்பனைக்குமான உறவைப் பற்றிய வணிகச் சொல்லாடல் இந்த வேறுபாட்டை அழித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறது. 'வெயில் ஏறினால் விற்பனை ஏறும்' என்ற வாக்கியத்தில் வெயில் எழுவாயாக நிற்கிறது. விற்பவர், வாங்குபவர், சரக்கு எடுக்கப்பட்ட மண் மூன்றும் வாக்கியத்துக்கு வெளியே போய்விடுகின்றன.

இந்த வாக்கியத்துக்குச் சென்னையில் ஒரு பழைய முன்கதை உண்டு. 1833இல் பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளில் அறுத்த ஐஸை மரத்தூளில் பொதிந்து கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். ஏறத்தாழ 180 டன் கிளம்பி, 100 டன் அளவுக்குக் கரை சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வெயில் அவர்கள்மேல் மட்டுமா அடித்தது? கருப்பு நகரத்திலும் அதே வெயில்தான். பருவம் பொதுவாக இருந்தது, கிராக்கி பொதுவாக இல்லை. 1870களுக்குப் பிறகு இயந்திர ஐஸ் வந்து இந்த வணிகத்தை முடித்துவைத்தது. ஆனால் ஓர் ஊரின் பருவத்தை எடுத்து இன்னோர் ஊரின் பருவத்துக்கு விற்கலாம் என்கிற சூத்திரம் தங்கிவிட்டது. இன்றைக்கு அதன் பண்டம் இருபது லிட்டர் தண்ணி கேன். பாஸ்டனின் இடத்தில் இருப்பவை சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்கள். அவற்றில் ஊத்துக்கோட்டை வட்டாரம் முக்கியமானது.

சென்னைக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டரில், ஆரணியாற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஊத்துக்கோட்டை. பேரிலேயே ஊத்து இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணை திறந்தால் இரு கரையும் தொட்டு ஓடுகிற ஆறு, மற்ற மாதங்களில் வெறும் மணல். தெற்கே கொசஸ்தலையாறு. இந்த இரண்டு ஆறுகளின் படுகையோடு நகரத்துக்குள்ள உறவு மூன்று அடுக்காக வளர்ந்தது.

முதல் அடுக்கு, மேலே தெரிகிற நீர். கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் முடிந்தது. தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீர் 1996இல் தமிழக எல்லைக்குள் வந்தது. கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவரும் கால்வாய் எல்லையைத் தொடும் இடம்தான் ஊத்துக்கோட்டை 'ஜீரோ பாயிண்ட்'. ஒப்பந்தம் சொல்லும் 12 டி.எம்.சி. முழுசாக வந்து சேர்வது அரிது. 2020இல் கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் சேர்ந்தது. ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடுவது நகரத்துக்கான நீர். ஊர்க்காரர்களுக்கு அது பார்வைக்கு மட்டும்.

இரண்டாவது அடுக்கு, மண்ணுக்கடியில் இருப்பது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் 1960களின் பிற்பாதியில் நீர்வளம் ஆராயப்பட்டு ஆழ்குழாய்க் கிணறுகள் அமைந்தன. பூண்டி, கன்னிகைப்பேர் பின்னால் சேர்ந்தன. மீஞ்சூர்ப் பக்கம் நீர்மட்டம் இறங்க இறங்கக் கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்து கிணறுகளை உப்பாக்கியது. 1987இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு தோண்டவும் லாரியில் நீர் கொண்டுபோகவும் உரிமம் வேண்டும் என்றது. ஆனால் 2000க்குப் பிறகான வறட்சிகளில் குடிநீர் வாரியமே விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு நீர் எடுத்தது.

மூன்றாவது அடுக்கு, கேன். 2003-04இல் ஏரிகள் வற்றி நகரத்தின் குழாய்கள் ஏறக்குறைய நின்றுபோயின. லாரித் தண்ணியும் கேனும் நடுத்தர வர்க்க வீட்டின் மாதச் செலவில் நிரந்தரமாக ஏறின. அதற்கப்புறம் மழை பெய்தது, குழாயிலும் தண்ணீர் வந்தது, ஆனால் கேன் வீட்டை விட்டுப் போகவில்லை. 2019இல் ஏரிகள் மறுபடி வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோதும் வெயிலைத்தான் காரணம் சொன்னார்கள். அப்படியானால் 2015 டிசம்பர்? நகரமே வெள்ளத்தில் மிதந்தபோதும் கேன் விலை எகிறியது. கொளுத்துகிற கோடைக்கும் கொட்டுகிற மழைக்கும் ஒரே பண்டத்துக்குத்தான் கிராக்கி என்றால், அதை உண்டாக்குவது வானிலை ஆகாது. நம்பிக் குடிக்கத்தக்க பொதுக் குழாய் இல்லாமை என்பது நிரந்தரமாகக் கட்டமைக்கப்பட்ட ஒன்று. வானிலை அதற்கு நாள் குறித்துத் தருகிறது, அவ்வளவுதான்.

தண்ணீரைவிடப் பயனுள்ளது வேறில்லை, ஆனாலும் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது என்று ஆடம் ஸ்மித் 1776இல் ஒரு புதிரைப் போட்டார். கேன் அந்தப் புதிரை ஒழித்துவிட்டது. பயன் மதிப்பு அப்படியே இருக்க, பரிவர்த்தனை மதிப்பு மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது நம்மிடம் நெடுநாள் வழக்கம். அதற்கு நிலமும் பொன்னும் விட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தப் பந்தலில் எந்தச் சாதிக்கு எப்படி ஊற்றினார்கள் என்ற கேள்வி இருக்கிறது, பழமையைப் பொன்னாக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே கோடை ஒரு கடமையை உண்டாக்கியது, கிராக்கியை அல்ல. 2013இல் கும்மிடிப்பூண்டியில் நிலையம் அமைத்து அரசே 'அம்மா குடிநீர்' பாட்டிலைப் பத்து ரூபாய்க்கு விற்றது. தனியார் விலையைவிடக் குறைவுதான். ஆனால் நலத்திட்டமும் விலையின் மொழியில் பேசவேண்டி வந்தது கவனிக்கத்தக்கது.

பருவகாலப் பண்டங்களின் கணக்கில் தண்ணீருக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மின்விசிறியோ குடையோ விற்பவர் பருவத்துக்கு முன்பே சரக்கைச் சேர்த்து வைக்கவேண்டும். கிடங்கு வாடகை உண்டு, முடங்கிய முதலுக்கு வட்டி உண்டு, பருவம் பொய்த்தால் நஷ்டம் உண்டு. தண்ணி விற்பவருக்கு இது எதுவும் இல்லை. அவருடைய கிடங்கு கிராமத்து மண்ணுக்கடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் அது தானாக நிரம்புகிறது, கோடையில் போர் போட்டு எடுத்துக்கொள்ளலாம். கிடங்குக்கு வாடகை வாங்க ஆளில்லை. நிரம்பியதைவிட அதிகமாக எடுத்தால் நஷ்டம் விற்பவர் கணக்கில் ஏறுவதுமில்லை. பாஸ்டனில் அறுத்த ஐஸ் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி உறையும். ஆழத்துக்கு இறங்கிய ஊற்று அடுத்த ஐப்பசியிலேயே மேலே வந்துவிடும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

விவசாயி விரும்பித்தானே விற்றார் என்று கேட்கலாம். உண்மைதான். நிலக்கடலையும் நவரை நெல்லும் தராத காசை மோட்டார் ஓடும் மணி தந்தால் அவர் விற்கத்தான் செய்வார், அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் 1882ஆம் ஆண்டின் அனுபோக உரிமைச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாட்டில், தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமை நில உடைமையோடு பிணைந்திருக்கிறது. ஊற்றோ வரப்புப் பார்த்து ஓடுவதில்லை. ஒருவர் விற்றால் பக்கத்துக் கிணறு காற்றை இழுக்கும். பயிர் வைக்காத வயலில் களையெடுப்பும் அறுப்பும் இல்லை. நிலமில்லாத கூலிப் பெண்ணுக்கு விற்கத் தண்ணீரும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. பிறகு அவரும் குடிக்கக் காசு கொடுத்துத் தண்ணி வாங்க நேர்கிறது. அதே வெயிலில் பயிருக்கும் தாகம்தான். பயிரின் தாகமும் அவரது தாகமும் தேவைகளாகவே நின்றுவிடுகின்றன, கிராக்கியாக மாறுவதில்லை.

காப்புரிமையோ கலப்படமோ அல்ல, எடுப்பதற்கான உரிமமே இங்கே மையப் பிரச்சினை. 2020இன் தொடக்கத்தில் அனுமதியின்றி நிலத்தடி நீர் எடுக்கும் ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, கேன் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரம் தவித்தது, செய்தித்தாள்கள் அந்தத் தவிப்பை எழுதின. நீர் எடுக்கப்பட்ட ஊர்களில் கிணறு எத்தனை அடி இறங்கியது என்பது செய்தியாகவில்லை. வெப்பநிலைக்கு ஒரு கோடு, விற்பனைக்கு ஒரு கோடு என்று வரைபடம் போடுகிறவர்கள் மூன்றாவதாக ஒரு கோடும் போடவேண்டும்: இந்தப் படுகையின் கிணற்று நீர்மட்டம். மூன்றையும் ஒரே தாளில் பார்த்தால்தான் கோடைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கவாவது முடியும்.