ஓர் எண்ணும் அதன் காரணிகளும்

சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானிய மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று அறுபத்துநான்கு கட்டங்களையும் நிரப்பும் கதையை நாம் கேட்டிருக்கிறோம். அத்தகைய எட்டுப் பலகைகளின் மணிகளை ஒன்றாய்க் குவித்து, மேலும் ஏழு மணிகளை இட்டால் வருவது 147,573,952,589,676,412,927. இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் இது. ஒரு பெரியவரின் சொல்லை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இவ்வெண் 232 ஆண்டுகள் முதன்மை எண்ணெனப் பெயர் பெற்றிருந்தது.

அப்பெரியவர் பிரான்சு தேசத்துத் துறவி மெர்சென். இவ்வகை எண்களுள் முதன்மையானவை எவையென்று 257ஆம் வலு வரை அவர் 1644இல் ஒரு பட்டியல் தந்தார், நிறுவல் தரவில்லை. பதினைந்து, இருபது இலக்க எண்ணொன்றைச் சோதிக்க எல்லாக் காலமும் போதாது என்று எழுதியவரும் அவரே. அவரைப் போலி அறிஞர் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. கலிலியோ தண்டிக்கப்பட்ட மறு ஆண்டிலேயே, 1634இல், அவ்வறிஞரின் பொறியியல் நூலைப் பிரெஞ்சில் வெளியிட்டவர் அவர். குற்றம் அவர் சொன்னதில் அன்று, பின்வந்தோர் சோதியாது ஏற்றதிலேயே உள்ளது. பாடபேதம் ஒன்றினை உரையாசிரியர் பெயரைச் சொல்லி முடித்துவைக்கும் வழக்கம், தமிழ் கற்ற நமக்கும் புதிதன்று.

1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர், அது முதன்மை எண் அன்று எனக் காட்டினார். வியப்பு யாதெனில், அவர் ஒரு காரணியையேனும் கண்டவரல்லர். எண் முதன்மையானதாயின் ஒரு குறித்த கணக்கில் மீதி வரலாகாது, மீதி வந்தது. வீட்டினுள் ஆள் உண்டென்பது உறுதியாயிற்று. ஆள் யாரென்பது தெரியவில்லை.

தேடுவதும் எளிதன்று. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், அதனை 134ஆல் வகுத்தால் ஒன்று மீதி வரவேண்டும். அவ்வாறு சலித்தெடுத்த எண்களை மட்டும் வரிசையாகச் சோதித்தாலும், முதற் காரணி 14,45,580ஆம் இடத்திலேயே நிற்கின்றது! நியூயோர்க்கில் பேராசிரியராயிருந்த கோல், வேறு நுட்பமான வழிகளால் அதனை எட்டினார். 1903 ஒக்ரோபர் 31இல், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் அவர் அறிவித்த விடை இது:

193,707,721 × 761,838,257,287

அன்று அவர் ஒரு சொல்லும் பேசாது கரும்பலகையில் பெருக்கிக் காட்டி அமர்ந்தாரென்றும், இதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன என்றாரென்றும், பெல் என்ற நூலாசிரியர் பின்னர் எழுதினார். கதையில் மெருகு இருக்கலாம். பெருக்கலில் மெருகில்லை, வெண்கட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம்.

மெர்சென் பட்டியலின் பிழைகள் மொத்தம் ஐந்து. 67உம் 257உம் தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 விடுபட்டவை. விடுபட்டவற்றைக் கண்டோர் யாரென்று பார்த்தால், 61ஐ 1883இல் தந்தவர் ருஷ்யாவின் யூரல் பகுதியில் வாழ்ந்த பேர்வூஷின் என்ற பாதிரியார். 89ஐ 1911இலும் 107ஐ 1914இலும் தந்தவர், அமெரிக்காவில் இருப்புப்பாதைக் கம்பனியொன்றின் ஊழியரான பவர்ஸ்.