குண்டு விழுந்த எல்லை

கரையோரக் கதைகள் - 17

தேவனாம்பட்டினத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறவில்லை. சில்வர் பீச்சில் காலை நடைக்கு வந்தவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெற்கே, கெடிலம் கடலில் கலக்கும் பக்கமாக நடந்தேன். படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் பழைய கோட்டைக்கு வழி கேட்டேன்.

"கோட்டைன்னு என்னா இருக்குது தம்பி, செங்கல்லுதான் கெடக்கு. முள்ளு இருக்கும், பாத்துப் போங்க."

அவர் சொன்னது சரிதான். சீமைக்கருவேல முள்ளை விலக்கிப் போனால் இடிபாடு. ஒரு செங்கல் துண்டைக் கையில் எடுத்தேன். நாம் இப்போது வீடு கட்டும் செங்கல்லைவிட மெல்லியது. அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்புச் சாந்தில், சரியாக வேகாத சிப்பித் துணுக்கு ஒன்று விரல் நகமளவு துருத்திக்கொண்டிருந்தது. இந்தக் கடலின் சிப்பியைச் சுட்டு, இந்த ஊர்க் கைகளே சுமந்து எழுப்பிய சுவர். பெயர் மட்டும் செயின்ட் டேவிட் கோட்டை.

வியாபாரம் செய்ய வந்தவர்கள் நாட்டைப் பிடித்தார்கள் என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். நிலம் எப்படிக் கைமாறியது, அதை யார் எப்படி அளந்தார்கள் என்பது இங்கே வந்து நின்றால்தான் உறைக்கிறது.

1690. செஞ்சியில் மராட்டிய மன்னர் இராஜாராம் இருக்கிறார். முந்தைய ஆண்டுதான் அவருடைய அண்ணன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றிருந்தார். தப்பித்துத் தெற்கே வந்த தம்பியைத் துரத்திக்கொண்டு முகலாயப் படையும் வந்துவிட்டது. போர் நடத்தப் பணம் வேண்டும். கடற்கரையில் ஒரு சிறு கோட்டை கையில் இருந்தது. அதை வாங்கக் கிழக்கிந்தியக் கம்பெனி காத்திருந்தது. அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். இங்கே சேர்த்த செல்வத்தோடு ஊர் திரும்பி, 1718-இல் அந்தக் கல்லூரிக்கு நன்கொடை அனுப்பியவர்.

கிரயத்தின் நிபந்தனையைக் கேளுங்கள். கோட்டை மட்டுமல்ல, அங்கிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுமோ அதுவரைக்கும் உள்ள நிலமும் கம்பெனிக்குச் சொந்தம். பீரங்கி எவ்வளவு பெரிதோ, மருந்து கிட்டிக்கிறவன் எவ்வளவு கெட்டிக்காரனோ, அவ்வளவு நிலம். திசைக்குத் திசை சுட்டார்கள். எல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்றும் கடலூரை ஒட்டி இருக்கிறது.

உலகளந்த கோல் பிடித்து நிலம் அளந்த நாடு இது. இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரியில்லாத நிலத்தைக்கூடத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணைப் பீரங்கிக் குண்டால் அளந்தார்கள். விற்றவருக்கு ஒரு நெருக்கடி, வாங்கியவருக்கு ஒரு பேராசை. நடுவில், தலைக்கு மேலே குண்டு பறந்த அன்று வயலிலும் உப்பளத்திலும் நின்றவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரம் எழுதிக் காசு கொடுத்ததாலேயே இதை நியாயமான விற்பனை என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை.

இதே மராட்டிய ஆட்சியில் இன்னொரு காரியமும் நடந்தது. பீஜப்பூர்ப் படைக்கு அஞ்சி 1648-இல் தில்லையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நடராஜர், முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு 1686-இல், சம்பாஜியின் காலத்தில்தான் சிற்றம்பலத்துக்குத் திரும்பினார். அது நடந்து நான்கே ஆண்டில் கோட்டை விற்பனை. இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தபோது, ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இந்தக் கோட்டை மாறியது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கே வந்த இளம் எழுத்தர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். 1756 ஜூன் 20 அன்று இதே கோட்டைக்குக் கவர்னராகப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு ஜூன் 23-ஆம் தேதி பிளாசி. வங்கத்தை விழுங்கிய மனிதர் போர்த்தொழில் பழகியது கெடிலக் கரையில்தான்.

1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். அதற்குப் பழிவாங்க ஆங்கிலேயர் 1761-இல் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். சண்டை இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு, எரிந்தது நம் ஊர்கள்.

கோயிலும் தப்பவில்லை. மாலையில் சிதம்பரம் போய், வெளிமதிலை ஒட்டி ஒரு சுற்று நடந்தேன். அந்த உயரமும் கனமும் படைத்தலைவர்களின் கண்ணில் படாமல் இருக்குமா? முதலில் பிரெஞ்சுக்காரர், பின்னர் ஹைதர் அலியின் வீரர்கள் என்று ஆலயமே அரணாயிற்று. 1781 ஜூன் 18 இரவு ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். இரண்டே வாரத்தில், ஜூலை 1 அன்று, பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதரை அவர் வென்றார். வெள்ளாறு கடலில் சேரும் அந்த ஊரின் பெயரே பரங்கியர் வந்து இறங்கியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கடலூரில் இன்னொரு கரையேற்றமும் உண்டு. திருப்பாதிரிப்புலியூருக்கு அருகே கரையேறவிட்ட குப்பம். பல்லவ மன்னன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய திருநாவுக்கரசர், ஐந்தெழுத்தை ஓதி அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரை சேர்ந்த இடம் என்பது நம்பிக்கை. சேக்கிழாரும் பாடியிருக்கிறார். இன்று கடல் அங்கிருந்து தள்ளியே இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சித்திரையிலும் அப்பரை அங்கே கரையேற்றி ஊரே கூடிக் கொண்டாடுகிறது. அரசனை எதிர்த்து நின்றவரை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இந்த ஊர் மறக்கவில்லை.

குண்டு விழுந்த ஊர்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு சொல்தான் சாட்சி. கடலூர் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில், பட்டாக்களில், பாட்டிமார் பேச்சில் 'குண்டு' என்று தொடங்கும் ஊர்ப்பெயரோ நிலப்பெயரோ இருந்தால் எழுதி அனுப்புங்கள். பேச்சு வழக்கில் சுருங்கி அந்தச் சொல் உதிர்ந்துபோகும் முன் பட்டியலிட்டு வைத்துவிடுவோம்.